உப்புக்கு ஒரு வாசல்

அக்மல் மௌத்தானபோது அவனுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. மாம்புரி மையவாடியில் அந்தச் சின்னக் குழியை மூடிவிட்டு ஆண்கள் வீடு திரும்பினார்கள். அவனுடைய உம்மா றிஸ்மியா அறைக்குள்ளே சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மார்பில் பால் கட்டிக் கனத்தது. வெளியே அவளுடைய மாமி ஹவ்வா வந்தவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தது சுவரைத் தாண்டிக் கேட்டது.

“பொறந்ததுலேருந்து சளிதான். எத்தின தரம் ஆஸ்பத்திரி, எத்தின தரம் ஓதிப் பாத்த. நான் அப்பவே சொன்ன, அவட பால்லதான் என்னமோ இருக்குண்டு. குடிக்கக் குடிக்கப் புள்ள மெலியிறதெண்டா வேற என்ன?”

ஹவ்வா வேற்று ஆள் இல்லை. றிஸ்மியாவின் வாப்பாவுக்குக் கூடப் பிறந்த ராத்தா, மூத்தவள். தாயில்லாமல் வளர்ந்த றிஸ்மியாவுக்குத் தலைவாரிவிட்டதும், குர்ஆன் மத்ரஸாவுக்குக் கூட்டிப் போனதும், பிறகு தன் மகன் நளீமுக்கே கட்டிவைத்ததும் அவள்தான். யாரோ சொன்னதென்றால் உதறிவிட்டுப் போகலாம். மாமி சொன்னதை றிஸ்மியாவால் உதற முடியவில்லை. இருக்கும், என் பாலில் என்னமோ இருக்கத்தான் செய்யும் என்று அவளும் நம்பத் தொடங்கினாள்.

நளீம் பாலாவிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தான். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் போனால், கெண்டைக்கால் வரைக்கும் வெள்ளை படிந்து, பாதம் வெடித்துத்தான் வீடு வருவான். அவன் உம்மாவை மறுத்தும் பேசவில்லை, மனைவியைக் குறை சொல்லவுமில்லை. தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

சில வருஷங்கள் கழித்து ஸம்ஹா பிறந்தாள். மாரிமழை ஓய்ந்த நேரம். பிள்ளையை முதன்முதலாக றிஸ்மியாவின் மடியில் வைத்தார்கள். பால் கொடுக்கப் பயம், கொடுக்காமலிருக்கவும் பயம். மாமி பால்மாப் பெட்டியோடு வந்து நின்றாள்.

“இதக் கரைச்சிக் குடு புள்ள. இந்தத் தரம் வீம்பு புடிக்காத.”

றிஸ்மியா வீம்பு பிடிக்கவில்லை. பால்மா கரைத்தாள். ஸம்ஹா ஆவலாகக் குடித்தாள், இன்னும் இன்னும் என்று அழுதாள். ஆனால் மாதம் போகப் போக அவளுடைய தொடையில் தோல் சுருக்கு விழுந்தது. மார்பில் கபம் கரகரத்தது. துணியில் போவது எண்ணெய் மிதக்க, எப்படித் தேய்த்தாலும் போகாத நாற்றத்தோடு இருந்தது. பால்மாவிலும் பிள்ளை மெலிகிறது என்று கண்டபோது றிஸ்மியாவுக்கு ஒரு கணம் மனம் ஆறியது. அப்படி ஆறியதற்காக எத்தனையோ தொழுகையில் அவள் அல்லாஹ்விடம் பிழை பொறுக்கக் கேட்டிருக்கிறாள்.

இன்னொன்றும் இருந்தது. பிள்ளையை முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட அதைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். உப்பளத்துக்காரனுடைய மகள் பின்னே எப்படி இருப்பாள் என்றார்கள். றிஸ்மியாவும் முதலில் நளீமுடைய கையிலிருந்து ஒட்டுவது என்றுதான் நினைத்தாள். அவன் வந்ததும் கிணற்றடிக்கு அனுப்பினாள். சவர்க்காரம் போட்டுக் குளித்து உடுப்பு மாற்றும்வரை பிள்ளையைத் தொட விடவில்லை. பிறகு ஒரு கிழமை முழுக்கத் தொடவே விடவில்லை.

“என்ன றிஸ்மி, எண்ட புள்ளயத் தூக்கவும் எனக்குத் தடையா?”

“கொஞ்சம் பொறுங்க மச்சான். ஒண்டு பாக்கணும்.”

பிள்ளையைக் குளிப்பாட்டி, நிழலில் வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறி வியர்த்ததும் நெற்றியில் உதட்டை வைத்தாள். அதே உப்பு. வியர்வை காய்ந்த பிறகு புருவத்துக்கு மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சாகக்கூடப் படிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு காரணம் தன் மேலேயே வந்து விழும் என்று நினைத்தாள்.

அந்த வருஷம் ஓகஸ்ட் மாதம் வெயில் பொல்லாததாக இருந்தது. கடற்காற்றும் விழுந்துவிட்டது. ஸம்ஹா இரண்டு நாளாகக் குடித்ததையெல்லாம் கக்கினாள். மூன்றாம் நாள் பகல், தூக்கினால் தலை நிற்காமல் சரிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. றிஸ்மியா செருப்பும் போடாமல் ஒழுங்கைக்கு ஓடி த்ரீவீலர் ஒன்றை மறித்தாள். தலவில தேவாலயத்தில் அன்னம்மாள் திருநாள் காலம். எதிரே பஸ், வான், லொறி என்று யாத்திரைக்காரர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். சாரதி ஹோனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஸம்ஹாவை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தபடியே அவள் புத்தளம் போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் நளீம் உப்பு படிந்த காலோடு வந்து வார்ட்டு வாசலில் நின்றான். பிள்ளைகளுக்கான டொக்டர் அஜித்தா பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டார்.

“பிள்ளைட ரத்தத்துல உப்பு நல்லாக் குறைஞ்சிட்டுது. சத்தி எடுத்ததும் வெயிலும் மட்டும் இவ்வளவுக்குக் குறைக்காது.”

“நான் உப்புக்குள்ளயே கிடக்கிற மனிசன், டொக்டர்,” என்றான் நளீம். “எண்ட புள்ளைக்கு உப்பில்லயா?”

அஜித்தா கையிலிருந்த தாளை மடித்தார். றிஸ்மியாவைப் பார்த்து, வேறு ஏதாவது கவனித்தீர்களா, எதுவென்றாலும் சொல்லுங்கள் என்று கேட்டார். றிஸ்மியா முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள்.

“முத்தம் குடுத்தா உப்புக் கரிக்கும்.”

டொக்டர் நிமிர்ந்தார். “எப்ப இருந்து?”

“பொறந்ததுலேருந்து. குளிப்பாட்டினாலும் அப்படித்தான்.”

அஜித்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். துணியில் எண்ணெய் மாதிரிப் போகிறதா, பசி அதிகமா, சளி விட்டுவிட்டு வருகிறதா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் றிஸ்மியா ஓம் என்றாள். கடைசியாக, இதற்கு முன் வேறு பிள்ளை இருந்ததா என்று கேட்டார். அக்மலைப் பற்றி நளீம்தான் சொன்னான்.

“அவருக்கும் உப்புக் கரிச்சதா, அம்மா?”

றிஸ்மியா நினைத்துப் பார்த்தாள். அக்மலை முத்தமிட்டது ஞாபகம் இருந்தது. கன்னத்தின் சூடு, மூச்சிலிருந்த பால் வாசம், எல்லாம் இருந்தது. கரித்ததா என்பது மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை. அவள் அங்கேயே, வார்ட்டு நடுவில், அவனுக்காக இன்னொரு முறை அழுதாள்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஸம்ஹாவின் கையில் ஒரு சிறு பட்டியைக் கட்டி, மெல்லிய மின்சாரம் கொடுத்து, அந்த இடத்தை மட்டும் வியர்க்க வைத்தார்கள். அந்த வியர்வையில் எவ்வளவு உப்பு இருக்கிறதென்று அளந்தார்கள். இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார்கள். நளீமுடைய வாய்க்குள் அந்தப் பெயர் நுழையவேயில்லை. கடைசிவரைக்கும் அவன் அதை ‘உப்பு வருத்தம்’ என்றுதான் சொன்னான்.

என்னவென்று விளங்கச் சொன்னது புத்தளத்துக் கிளினிக்கில், அஜித்தாதான். வெளியே ஆட்கள் வரிசையாகக் காத்திருக்க, அவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பள்ளிக்கூடத்துல கலம் எண்டு படிச்சிருப்பீங்க.”

“வெங்காயத் தோல உரிச்சிக் காட்டினாங்க,” என்றாள் றிஸ்மியா. பதினோராம் ஆண்டு ஓஎல் வரை படித்தவள் அவள்.

“அதுதான். உடம்பு முழுக்கக் கலங்கள். ஒவ்வொரு கலத்தையும் சுத்தி ஒரு மென்சவ்வு இருக்கு. சரியான மெல்லிசு. கொழுப்பால ஆனது, ரெண்டு படை, முதுகும் முதுகும் ஒட்டினாப்போல. தண்ணியில கரையிற சாமான் எண்ணெய்க்குள்ளால போகாதுதானே? மூச்சுக் காத்து அந்தச் சவ்வால சும்மா ஊறிப் போயிரும். உப்பு போகேலாது. சீனி போகேலாது. அதுக்காகச் சவ்வுக்குள்ள அங்கங்க வாசல் பதிச்சிருக்கு. புரதத்தால செஞ்ச வாசல். சீனி போற வாசலால உப்பு போகாது, உப்பு போற வாசலால சீனி போகாது. சில வாசல் திறந்தாத் தானாகவே கூடின பக்கத்துல இருந்து குறைஞ்ச பக்கத்துக்குப் போகும். சிலதுல கலம் தன்ட சக்தியப் போட்டுத் தள்ளித்தான் அனுப்பும்.”

“எண்ட மகள்ட வாசல்?”

“உப்புல ஒரு பங்கு குளோரைட்டு. அது போற ஒரு வாசல் மகளுக்குப் பிழை. எல்லாக் கலத்துலயும் அப்படித்தான் பொறந்திருக்கு. நாங்க வியர்க்கேக்க முதல்ல உப்போடதான் ஊறும். வெளிய வர்ற வழியில அந்த வாசல் உப்பத் திருப்பி உள்ளுக்கு எடுத்துரும். இவவுக்கு எடுக்கேலாது. எல்லாம் நெத்தியால போயிருது. அதுதான் அண்டைக்கு அப்படி விழுந்தவ.”

“அப்ப சளி?”

“நெஞ்சுல வேலை மறுபக்கம். அங்க உப்பு வெளிய வரணும். உப்பு எங்க போகுதோ தண்ணி பின்னால போகும். தண்ணி வந்தாத்தான் சளி இளகி நகரும். வாசல் திறக்காட்டித் தண்ணி வராது, சளி பிசின் மாதிரி ஒட்டிரும். அதுக்குள்ள கிருமி குடியிருக்கும். வயித்துக்குள்ள சதையி எண்ட உறுப்புல இருந்து சாப்பாட்டைச் செமிக்க வைக்கிற நீர் வர்ற குழாயும் அப்படித்தான் அடைபட்டிருக்கு. எவ்வளவு குடிச்சாலும் கொழுப்பு செமிக்காமலே போயிருது.”

றிஸ்மியா வெளியே காத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, வேறு யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அப்ப எண்ட பால்ல ஒண்டுமில்லயா, டொக்டர்?”

அஜித்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேனையைக் கீழே வைத்தார்.

“பால்ல ஒண்டுமே இல்ல, அம்மா. அந்த வாசலைச் செய்யிற குறிப்பு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு இருக்கும். உம்மாட பக்கத்தால ஒண்டு, வாப்பாட பக்கத்தால ஒண்டு. ஒண்டு நல்லதா இருந்தாப் போதும், வருத்தம் வராது. உங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டு நல்லது, ஒண்டு பிழை. பிள்ளைக்கு ரெண்டுமே பிழையானது வந்து சேர்ந்திருக்கு. நீங்க சொந்தத்துலயா முடிச்சது?”

“மாமிட மகன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் நளீம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். நுரைச்சோலை தாண்டிய பிறகு, “எண்ட பக்கத்தாலயும்தான் வந்திருக்கு,” என்றான். அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், முகம்கூடக் கழுவாமல் உம்மாவின் முன்னால் போய் நின்றான்.

“றிஸ்மிட பால்ல ஒண்டுமில்லயாம், உம்மா. எங்க ரெண்டு பேர்லயும் இருந்துதான் வந்திருக்காம். எனக்கு உங்கட பக்கத்தால. அவளுக்கு அவட வாப்பாட பக்கத்தால. இனி அந்தக் கதை இந்த ஊட்டுல வேணாம்.”

“எங்கட குடும்பத்துல அப்படி ஒரு வருத்தமும் இல்ல,” என்றாள் ஹவ்வா. “டொக்டர்மாருக்கு ஏதாச்சும் ஒரு கதை சொல்லத்தானே வேணும்.”

இத்தனை வருஷம் எதிர்பார்த்த வார்த்தையை நளீம் சொல்லிவிட்டான். றிஸ்மியா அடுப்படியில் நின்று கேட்டாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கொடுத்தனுப்பிய மருந்துகளை அலுமாரியில் எதை எங்கே வைப்பதென்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுடைய நாள் வேறுமாதிரி ஆகிவிட்டது. காலையில் முதலில் மருந்துப் புகை. அதுவும் உப்புத் தண்ணீர்தான், கடுமையான உப்பு. மெஷின் அதைப் பனிபோலப் புகாராக்கி மார்புக்குள் அனுப்பும். அந்த உப்பு தண்ணீரை இழுத்துச் சளியை இளக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிறகு பிள்ளையைத் தலைகீழாகச் சாய்த்து மடியில் போட்டு, கையைக் கிண்ணம்போலக் குவித்து, முதுகிலும் விலாவிலும் தட்ட வேண்டும். தோள் கழன்று விழுவதுபோல வலிக்கும்வரை தட்டினால்தான் கொஞ்சமாவது சளி வரும். பின்னேரம் மறுபடி. சாப்பாட்டு வேளை ஒவ்வொன்றிலும் செமிக்க வைக்கிற குளிசையை உடைத்து, அதன் மணிகளைப் பிசைந்த வாழைப்பழத்தில் கலந்து, மெல்லாமல் விழுங்க வைக்க வேண்டும். சோற்றில் எல்லாருக்கும் போடுவதைவிடக் கூடுதலாக உப்பு. பெருநாளோ, கலியாண வீடோ, தனக்குக் காய்ச்சலோ, இதிலே ஒன்றும் தவறக் கூடாது. ஸம்ஹாவின் தொடை திரண்டது. கன்னம் வந்தது. றிஸ்மியாவின் கன்னம் போனது.

ஒருநாள் ஹவ்வா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் றிஸ்மியா மெஷினின் முகமூடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்காமலேயே மாமி பேசத் தொடங்கினாள்.

“எனக்கும் உண்ட வாப்பாக்கும் எடயில ரெண்டு பேர் பொறந்தாங்க. ரெண்டும் ஆம்புளப் புள்ள. சளியில போயிட்டாங்க.”

றிஸ்மியா கையை நிறுத்தினாள்.

“உம்மாட பாலுக்குத்தான் பழி போட்டாங்க. ரெண்டாமத்தவன் போனதோட உம்மாவ அவட ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் சின்னப் புள்ள. பொறகு வாப்பாதான் போய்க் கூட்டிட்டு வந்தாரு.” மீனின் வயிற்றைக் கீறி எடுத்து எறிந்தாள். “எனக்கு அதுதான் தெரியும். வேற ஒண்டும் ஆரும் சொல்லித் தரல்ல.”

அப்படியென்றால் அந்த வார்த்தை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததே மாமி, என்று கேட்க றிஸ்மியாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைக் கேட்டால் மாமி அழுவாள், தேற்ற வேண்டும், அதற்குள் பின்னேரத் தட்டலுக்கு நேரமாகிவிடும். கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது. அவள் முகமூடியை உதறிக் காயப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு பின்னேரத்துத் தட்டலை மாமி தான் செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பேரப்பிள்ளைக்கு நோகுமென்று தூசு தட்டுவதுபோலத் தட்டினாள். ஒரு துளி சளி வராது. மாமி தொழப் போனதும் றிஸ்மியா பிள்ளையை எடுத்து மறுபடி முதலிலிருந்து தட்டினாள்.

நாட்டில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் ஆட்கள் அலைந்த அந்த வருஷம் குளிசை கிடைக்கவில்லை. சோறும் பாலும் மறுபடி எண்ணெயாகவே போயின. ஸம்ஹா இளைத்து, நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அஜித்தா யார் யாரையோ பிடித்து வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் வரவழைத்துக் கொடுத்தார். அந்த நாட்களில்தான் நளீம் கேட்டான், அந்த வாசலையே திறக்க மருந்தில்லையா என்று.

“இருக்கு,” என்றார் அஜித்தா. “வெளிநாடுகள்ல குடுக்கிறாங்க. வாசல் சரியா மடிஞ்சு சவ்வுக்கு வந்து சேரவும், வந்தது திறக்கவும் உதவுற குளிசை. எல்லாவிதப் பிழைக்கும் சரிவராது. இங்க இன்னும் எங்கட கைக்கு எட்டுற மாதிரி வரயில்ல. பொய்யா ஆசை காட்ட நான் விரும்பேல்ல.”

இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை நளீமுக்கு இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே வருத்தம் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பிருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் சோறு போட்டுக்கொடுக்கும்போது றிஸ்மியா சொன்னாள்.

“எனக்கு ரெண்டு கைதான் மச்சான். இன்னொண்டத் தட்ட ஏலாது.”

அவன் அவளுடைய கையைப் பார்த்தான். குவித்துக் குவித்து விரல்கள் நேராக விரியாமல் போயிருந்தன. பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸம்ஹாவை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று றிஸ்மியா ரீச்சரோடு தனியாகக் கதைக்க வேண்டியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் இருமினாலே எல்லாருக்கும் பயம். அடுத்த கதிரையில் உட்கார்ந்த பிள்ளையின் தாய் தன் மகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

“இது தொத்துற வருத்தம் இல்ல, ரீச்சர்,” என்று றிஸ்மியா தொடங்கினாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போன கதை. “உடம்புல உப்பு போய்வாற ஒரு வாசல் பூட்டியிருக்கு. அதால சளி தடிச்சிப்போகும். இருமினா இரும விடுங்க, அடக்கச் சொல்லாதீங்க. வெயில்ல விளையாடினா இந்தப் போத்தல்ல இருக்கிற உப்புத் தண்ணியக் குடிக்கச் சொல்லுங்க. சாப்பிட முன்ன ஒரு குளிசை, அவளே விழுங்குவா.”

ரீச்சர் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். விளங்கியதா, பேச்சுக்கு ஆட்டினாளா என்று றிஸ்மியாவுக்குத் தெரியவில்லை. அந்தத் தாய் மகளைக் கூட்டிக்கொண்டு பின்வரிசைக்குப் போவதையும் பார்த்தாள். ஸம்ஹா அதைக் கவனிக்கவில்லை. அவள் புதுப் பென்சிலைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். உம்மா போகிறேன் என்றதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து றிஸ்மியா தலையில் போட்டிருந்த முந்தானையை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். கழுவ வேண்டிய பாத்திரம் கிடந்தது, மெஷினைத் துடைக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் சாய்ந்துவிட்டு எழும்புவோம் என்று வெறும் சீமெந்துத் தரையில் தலையை வைத்தாள்.

எழும்பியபோது பகல் லுஹர் பாங்கு சொல்லி நேரமாகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவோ நேரம். பதறி எழுந்து வாசலுக்கு ஓடினாள். முற்றத்தில் ஹவ்வா பாயை விரித்து, ஸம்ஹாவின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சோறு தின்ற பீங்கான் பக்கத்தில் காலியாக இருந்தது.

“குளிசை?” என்று கேட்டாள் றிஸ்மியா.

“குடுத்த, குடுத்த,” என்றாள் மாமி. “நீ போய்ப் படு.”

றிஸ்மியா கொஞ்ச நேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், இந்தத் தரம் தலையணை எடுத்துப் போட்டு, படுத்தாள்.